ஒன்பதரை மணி நிகழ்ச்சி

என் கணவனின் நாக்கு
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லை.
குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு தேயிலைக் கம்பெனி
மாதச் சம்பளத்துக்கு அதை எடுத்து வைத்திருக்கிறது.
காலையில் மட்டும் இருநூறு கிண்ணம்.
அவன் உறிஞ்சும் சத்தம்
பஸ் நிறுத்தம்வரை கேட்கும் என்பார்கள்.
மிகை. கேட்வரை கேட்கும்.
உறிஞ்சி, உருட்டி, துப்பி,
அடுத்தது.
ஒன்றையும் விழுங்குவதில்லை.

அதனால் ஞாயிறு இரவு தொடங்கி வியாழன்வரை
எங்கள் வீட்டில் பூண்டு கிடையாது.
பச்சை வெங்காயம் கிடையாது.
மிளகாய் ரசத்தில் முழுதாய் ஒரு முங்கு போட்டுவிட்டு
கரண்டியேறி வெளியே போய்விடும்.
நான் தூத்துக்குடிக்காரி.
வீட்டிலிருந்து வந்த கருவாடு
மூன்று பிளாஸ்டிக் உறைக்குள்
பீரோவின் மேல் இருக்கிறது,
ஒரு வழக்கின் சாட்சிப் பொருள்போல.

ஆனால் ஒன்பதரைக்கு
லில்லி புஷ்பம் வருகிறாள்.

நாகர்கோவில் பேச்சு. நாற்பத்தைந்து இருக்கும்.
வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு.
மேக்கப்காரர்கள் மறந்ததா
அவள் மறைக்க விடாததா,
நாங்கள் இதுபற்றி இரண்டு வாரம் விவாதித்திருக்கிறோம்.
புளி கரைக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவாள்.
காமிரா கிட்டே போகும்.
ஐந்து விரலும் சட்டிக்குள் இறங்கி
எதையோ தேடி
கண்டுபிடித்து
விட மனமில்லாமல் விடும்.

வெளியே லாம்ஸ் ராக்கிலிருந்து இறங்கிய மேகம்
ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கும்.
ஒரே கம்பளிக்குள்
நான்கு முழங்கால், ஒரு ரிமோட்.

"உப்பு உங்க நாக்குக்குத் தக்கன" என்பாள்.
கிருபாகரன் சிரிப்பான்.
நெத்திலி எண்ணெயில் விழுகிற நொடி
சிரிப்பு நின்று
அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்.
பகலெல்லாம் எதையும் விழுங்காத தொண்டை.
நான் டிவியையா பார்க்கிறேன்?

பொறாமை இல்லை.
தேங்காய்ப்பால் கொதிக்கச் சற்று முன்
சட்டியின் விளிம்பில் ஒரு நடுக்கம் ஓடுமே,
தீயைக் குறை, குறை என்று
நானும்தான் கால்விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய். நல்ல மழை.
திரளி மீன் குழம்பு.
தாளிப்புக் கரண்டி சட்டிக்கு மேலே சாய்ந்தபோது
லில்லி புஷ்பம் கட்டம் கட்டமாக உடைந்தாள்.
முகம் ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம்.
சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது:
கறிவேப்பிலை வெடிக்கும் சத்தம்.
பிறகு அதுவும் போய்
நீலத்தில் 'சிக்னல் இல்லை'.

ரிமோட்டைத் தட்டினேன். டிஷ்ஷைத் திட்டினேன்.
அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
"புளி முதலில் வராது.
முதலில் தேங்காய், அது சும்மா வழி காட்டும்.
மிளகாய் நடுநாக்கில்.
புளி ரொம்பத் தாமதமாக,
கன்னத்துக்கு உள்ளே,
இங்கே."
எங்கே என்று
என் கன்னத்தில் காட்டினான்.

வெந்தயம்? என்றேன்.
அதற்கும் இடம் இருந்தது.
மஞ்சளுக்குக்கூட இருந்தது.
சிக்னல் எப்போது திரும்பியது என்று
இருவருக்கும் தெரியாது.
விழித்தபோது யாரோ தங்க நகை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

புதன் மாலை தாமதமாக வந்தான்.
குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று
திருடிவிட்டு வந்தவன் குரலில் சொன்னான்:
"இன்றைக்கு முப்பத்தேழாவது கிண்ணத்தை
விழுங்கிவிட்டேன்."

எந்தத் தோட்டத்து இலை? என்றேன்.

ஞாபகமில்லை என்றான்.