தீட்டா

கலீனா ஆய்வகம், மூன்றாம் மாடி.
ஹெல்மெட் வாரில் காய்ந்திருந்த வியர்வை
திரையில் சிகரங்களாக எழுகிறது.
இருபத்தொன்றாம் குரோமோசோமில் 29, 31.2.
பெரியதற்கு முன்னால் ஒரு குட்டிச் சிகரம்:
இன்னொரு ஆளா, வேதிவினையின் திக்கலா?
திக்கல் என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.

செவ்ரி கோர்ட்டில் அரசு வக்கீல் பரூல்கர் கேட்டார்:
“அப்படியானால் இவன் நிரபராதியாக இருக்கக்
கோடியில் ஒரு வாய்ப்புதானே?”

இல்லை.
இது இவருடையதல்ல என்றால்
யாரோ ஒருவரிடம் இதே எண்கள் அமையக்
கோடியில் ஒன்று.
ஒரே பெட்டிகள்தான் சார்,
விராருக்குப் போவதும்
விராரிலிருந்து வருவதும்.

சரி, அந்த யாரோ யார்?
யாரும் யாரையும் மணப்பார்கள் என்று
சூத்திரம் நம்புகிறது.
கூண்டில் நிற்பவர் இசக்கித்துரை,
தாராவி, தொண்ணூறடி ரோடு.
அவர் அம்மா, அப்பாவுக்கு அத்தை மகள்.
மனைவி, மாமன் மகள்.
எதிர்வீடு பங்காளி, பின்வீடு சம்பந்தி.
அந்தச் சந்தில்
யாரோ என்று யாருமே இல்லை.

“அதற்கு ஒரு திருத்தம் உண்டு.
கிரேக்க எழுத்து.
தீட்டா.”

ஸ்டெனோ எழுத்துக்கூட்டிக் கேட்டாள்.
நீதிபதி தலையசைத்தார்.
இசக்கித்துரை மட்டும் சட்டென்று
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
அந்த அறையில் அந்தச் சொல்
இன்னொன்றாகவும் காதில் விழுந்தது
எங்கள் இருவருக்கு.

0.03 என்றேன்.
கோடி, பன்னிரண்டு லட்சமாகச் சுருங்கியது.

கடைசி பெஞ்சில் அவர் அண்ணன்
டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.
உடன்பிறந்தவருக்குக் கணக்கே வேறு.
அதை யாரும் கேட்கவில்லை.
கேட்டதற்கு மட்டும்தான்
சாட்சி பதில் சொல்லலாம்.