பத்து லட்சத்தில் எத்தனை

ஆபர்தீன், பின்னிரவு இரண்டு மணி.
வடகடலின் மூடுபனி ஏறி வந்து
மருத்துவமனைச் சன்னல்களை
ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருக்கிறது.
திறக்க முடியாத சன்னல்கள்.
எட்டாம் எண் பிரசவ அறை.
நான் மருத்துவன் அல்லன். காற்றை எண்ணுபவன்.

மருத்துவச்சி இஷ்பெல்லின் கழுத்துப்பட்டையில்,
மூச்சுப்படும் தூரத்தில்,
மெல்லிய குழாயொன்றைக் குத்தி வைத்தேன்.
"இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு பதக்கம்,
கையெழுத்துப் போடணுமா?" என்றாள்.
போட்டாள். பேனா இரண்டு முறை நழுவியது.

கட்டிலில் மிர்ரன்.
எண்ணெய் மேடையில் சமைப்பவள்,
புயலிலும் சூப்பு சிந்தாதவள் என்று
யாரும் கேட்காமலே சொன்னான் அவள் கணவன்.
இப்போது ஊதுகுழலைப் பல்லால் கவ்வியிருக்கிறாள்.
வலி ஏறும்போது இழுக்கிறாள்,
இறங்கும்போது விடுகிறாள்.
விடும் மூச்செல்லாம்
இஷ்பெல் குனிந்திருக்கும் பக்கம்.

சிரிப்பு வாயு என்று பெயர் வைத்தவர்
இந்த அறைக்கு வந்திருக்க மாட்டார்.

என் திரையில்
நாற்பது. நூற்று அறுபது. நானூற்றுப் பத்து.
சரிந்து, எழுபது.
மறுபடி ஏற்றம்.
நோவு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறதென்று
வயிற்றைத் தொடாமல்
இந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.
வரம்பு நூறு, எட்டு மணிநேரச் சராசரியில்.
சராசரி இரக்கமுள்ள சொல்.
மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி
நடக்கத் தோதான தரையாக்கிவிடும்.

வெளியே, பனிக்குள், இதே நைட்ரஸ் ஆக்சைடு
பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை,
அந்த ஒன்றில் மூன்றிலொரு பங்கு.
அதற்கே வானம் சூடேறுகிறது.
உரம் போட்ட பார்லி வயலில் மழை பெய்தால்
மண்ணும் இதைத்தான் மூச்சாய் விடும்.
அங்கேயும் போயிருக்கிறேன்,
வாளி மாதிரிப் பெட்டிகளைக் கவிழ்த்து,
சேற்றில் முழங்கால் ஊன்றி.
மண் முனகாது. அந்த வேலை சுலபம்.

நேற்று மாலை நிலவறையில்,
சங்கிலியில் கட்டிய உருளைகளின் நடுவே,
குழாய் மூட்டில் சோப்புநீர் பூசினேன்.
ஒரு குமிழி மெதுவாய் உப்பியது.
உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.
மேலே அப்போது பிரசவ அறைகள் காலி.
யாருக்கும் வலிக்காதபோதும்
இந்தக் கட்டடம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு, ஆறிப்போன தேநீரோடு,
இஷ்பெல் தானாகச் சொன்னாள்:
விரல் நுனியெல்லாம் பஞ்சைத் தொடுவது போல.
சட்டைப் பொத்தான் அகப்படுவதில்லை.
கையுறை போட்டுப் போட்டுத்தான் இருக்கும்.
"பி-பன்னிரண்டு பார்த்தீர்களா?"
"பார்க்கணும்."
"எப்போது?"
"விடுப்பில் போன மூன்று பேர் திரும்பி வந்ததும்."
என் படிவத்தில் விரல்களுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
இந்த வாயுவா, வயதா, வேறெதுவுமா,
என் கருவி அதைச் சொல்லாது.

ஐந்து இருபதுக்குப் பெண் குழந்தை.
ஊதுகுழல் தரையில் விழுந்து உருண்டது.
எல்லோரும் அழுகையைக் கேட்டார்கள்.
நான் திரையைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது,
ஆனாலும் பார்த்தேன்.
அவள் முதன்முதலாய் இழுத்த காற்றில்
முப்பத்தொன்று.
அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை.
யாரைக் குற்றம் சொல்ல?
அந்த மூச்சில்லாமல் மிர்ரன்
இந்த இரவைத் தாண்டியிருக்க மாட்டாள்.

கூரைத் துவாரம் வழியே இப்போது
எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.
பனிக்கு மேலே போய்
நூறு வருஷத்துக்குமேல் தங்கும் அது.
இவள் நரைத்து, ஒருநாள் இல்லாமலும் போனபின்
இவள் தாய் விட்ட மூச்சு
மிச்சமிருக்கும், எங்கோ உயரத்தில்,
பெயரில்லாமல்.

"கழற்றட்டுமா?" என்றேன்.
"பணி ஏழு வரைக்கும்" என்றாள் இஷ்பெல்.
மூன்றாம் அறையில் மணி அடித்தது.
இடுப்பில் பம்பு ரீங்கரிக்க
கைகளை உதறிக்கொண்டே நடந்தாள்.
என் திரையில் எண்பது.
நூற்றுப் பத்து.