மூன்றாம் இழுப்பறையின் சாவி

பத்தேகால்.
தேநீர்கூட இன்னும் ஆறவில்லை,
வாய் நமநமக்கத் தொடங்கிவிட்டது.

பசி இல்லை இது.
பசியை எனக்குத் தெரியும், வயிற்றிலிருந்து வரும்,
பேர் சொல்லிக் கூப்பிடும்.
இது விரலிலிருந்து வருகிறது.
ஒரு வரிசையை நிரப்பிவிட்டு
அடுத்த வரிசைக்கு இறங்கும் அந்தச் சின்ன இடைவெளியில்
இடக்கை தானாகக் கீழே போகிறது.

மூன்றாம் இழுப்பறை:
தோலோடு ஒரு பை பைன் கொட்டை,
போன மாதத்து ரஷ்ய வேஃபர்,
கொரியக் கடையில் வாங்கிய கடற்பாசி வறுவல்,
அடியில் கல்லாக இறுகிய ஆருல்.
காய்ந்த தயிர்க்கட்டி; ஒன்றை வாயில் அடக்கினால்
மதியம்வரை தாங்கும் என்பார்கள்.
நான் கடித்துவிடுவேன்.
அப்படித்தான் ஒரு கடைவாய்ப் பல்
அரை மாதச் சம்பளத்தைக் கொண்டுபோனது.

கால்நடைக் காப்பீட்டு அலுவலகம், நான்காம் மாடி,
உலான்பாத்தர்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகையில் எதிர்க் கட்டடம் காணாமல் போயிருக்கிறது.
இந்தக் குளிர்காலத்தில் செத்தவற்றை எண்ணி
கட்டங்களில் அடைப்பது என் வேலை.

எல்லாம் செய்து பார்த்தேன்.
மருத்துவர் சொன்னபடி வெந்நீர் குடித்தேன்,
கழிப்பறைக்கும் மேசைக்கும் நடந்தே ஒரு நாள் போனது.
பென்சிலைக் கடித்தேன், பென்சில் தீர்ந்தது.
இருபது கொட்டை, அவ்வளவுதான் என்று எண்ணி வைத்தேன்.
எண்ணுவதுதான் தொழில், ஆனாலும்
பதினேழுக்கு மேல் கணக்கு தினமும் தப்பியது.
கடைசியில் இழுப்பறையைப் பூட்டி
சாவியைக் கணக்குப் பிரிவு தவாசுரேனிடம் கொடுத்தேன்.
"அழுதாலும் தராதீர்கள்."
தரவில்லை, திங்கள் முழுக்க.
செவ்வாய் காலை அவரே திறந்து
பாதி வேஃபரைத் தின்றிருந்தார்.
சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை ஸாவ்கானிலிருந்து ஒரு தொலைபேசி.
லுவ்சான் என்று பெயர் சொன்னார், பாலிசி எண் சொன்னார்.
"செம்மறி இருநூற்றுப் பன்னிரண்டு."
அடித்தேன்.
"வெள்ளாடு தொண்ணூறு."
அடித்தேன்.
"குதிரை..."
எண் வரவில்லை. நிறங்கள் வந்தன.
செவலை ஒன்று. சாம்பல். நெற்றியில் சுட்டி விழுந்த கறுப்பு.
படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் இல்லை.
அவர் நிறுத்தினார்.
அந்த இடைவெளி போதும் என் கைக்கு.

டொக்.

"என்ன சத்தம் அது?"
"பைன் கொட்டை, மன்னியுங்கள், நான்—"
"இல்லை, இல்லை. மெல்லுங்கள்.
ராத்திரி பட்டியில் எல்லாம் படுத்து அசைபோடும்.
அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் வரும்.
பதினெட்டு நாளாகக்
காதுக்கு ஒன்றுமே இல்லை."

கொட்டை கன்னத்தில் கிடந்தது.
விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.
யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.
பிறகு ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து
மென்றேன்.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
பருப்பு மாவாகி, பாலாகி,
கடைசியில் லேசாகப் பிசின் மணத்தது.
எத்தனை கிலோ தின்றிருப்பேன் இந்த மேசையில்,
அந்த மணம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் காற்று. எங்கோ ஒரு நாய்.
"சரி," என்றார். "ஏழு. குதிரை ஏழு."
வைத்துவிட்டார்.

அன்றோடு விட்டுவிட்டேன் என்று முடித்தால் அழகாக இருக்கும்.
வியாழன், பத்தேகாலுக்கு, வாய் நமநமத்தது.

மேசையில் லுவ்சானின் படிவம் திரும்பி வந்திருந்தது.
'குறிப்புகள்' கட்டத்தில் அவர் சொன்ன மூன்று நிறங்களையும்
எழுதியிருந்தேன்.
மேலாளர் சிவப்பு மையில் சுழித்திருந்தார்:
தேவையற்றது.

இழுப்பறையைத் திறந்து
ஆருல் ஒன்றை எடுத்து
கடிக்காமல் வாயில் அடக்கிக்கொண்டேன்.
புளிப்பு, பிறகு புகை, பிறகு ஏதோ ஒரு புல்.

பதினொன்று ஐம்பதுவரை தாங்கியது.
அப்புறம் கடித்துவிட்டேன்.