நானூற்றுப் பன்னிரண்டில் மஞ்சள்

குழாயின் மேல் ஒட்டியிருப்பது
கு-14, மூன்றாம் சுற்று. அவ்வளவுதான்.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது
என்பது ஆய்வின் விதி.
பஞ்சவர்ணம், வயது ஐம்பத்திரண்டு,
சிம்மக்கல்லில் பழைய இரும்புக் கடை:
இதெல்லாம் விதியைக் கேட்காமல்
ஊசி குத்தும்போது அவளாகச் சொன்னது.

"சிவப்பா ஒரு மருந்து ஏத்துறாங்க தாயி,
மறுநா மூத்திரமும் அதே சிவப்பு.
சாயப்பட்டறைத் தண்ணி கணக்கா."

பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில்
ஒரு ஐஸ் பெட்டி,
கரண்ட் போனால் பாதிச் சுற்றில் நிற்கும் சென்ட்ரிஃபியூஜ்.
சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று முறை கழுவி
உடைத்து, தெளிந்ததில் திராவகம் விட்டால்
மஞ்சள் எழும்.
எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளுட்டாதயோன்.
அது இருக்கும்வரை
ரத்தத்தைத் துரு அண்டாது.
முதல் சுற்றுக்கு முன்பே
அவள் மஞ்சள் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.
மூன்றாவதில்
மஞ்சள் தேய்த்துக் குளித்தவளின்
கடைசிச் செம்புத் தண்ணீர்.

இன்னொரு குழாய் வெந்நீரில் கிடக்கிறது.
அதில் வருவது ரோஸ்.
அணுக்களின் கொழுப்புச் சுவர்கள் கருகிய கணக்கு.
நல்ல ரோஸ், கல்யாண வீட்டு ரோஸ்மில்க் போல.
இவ்வளவு அழகாக வந்திருக்க வேண்டாம்
என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்:
ஐநூற்று முப்பத்திரண்டில்
பூஜ்யம் புள்ளி ஆறு மூன்று.

நான்காம் சுற்றுக்கு வந்தபோது முடி இல்லை,
புருவமும் இல்லை,
கையில் ஒரு பை நெல்லிக்காய்.
அழகர்மலைக்காரி ஒருத்தி தந்ததாம்.
"ரத்தத்துக்குக் காவலாமே இது. திங்கலாமா?"

நான் டாக்டர் இல்லை.
காவல் என்பது சரிதான்.
ஆனால் மருந்தும்
துருவைக் கொண்டுதானே கட்டியை அரிக்கிறது.
காவலுக்கு நிற்பவனுக்கு ஆள் அடையாளம் தெரியாது:
இருதயத்துக்கும் அவனே,
கட்டிக்கும் அவனே.
டாக்டரைக் கேளுங்கம்மா என்றேன்.
கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல.

சிரித்தாள். உதடெல்லாம் புண்,
சிரிக்க வலித்திருக்கும்.
"நம்ம கடைக்குப் பூட்டு வரும், சாவி தொலைஞ்சது.
எண்ணெய் போட்டுப் பேணுன பூட்டை உடைக்க
ஒரு பகல் ஆகும்.
துருப்பிடிச்சதுன்னா ரெண்டே தட்டு.
உடைக்கிறவனுக்குத் துரு வேணும் தாயி.
கதவும் இரும்பாப் போயிட்டா
அதுவும் சேந்து பிடிக்கத்தான் செய்யும்.
என்ன பண்ண."
அட்டவணையில் இதை எழுதக் கட்டம் இல்லை.

பையை வைத்துவிட்டுப் போனாள்.
நாங்கள் நாலு பேர் உப்பு தொட்டுத் தின்றோம்.
கூச்சமாக இருந்தது. தின்றோம்.

ஆறாவதில் வெறும் கண்ணுக்கு மஞ்சளே தெரியவில்லை,
கருவிக்குத்தான் தெரிந்தது.
மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்து
இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும்.
ஆய்வின் கேள்வியே அதில்தான் இருக்கிறது:
மஞ்சள் திரும்புமா.
நாற்பது பேரில் முப்பத்தொருவர் வந்தார்கள்.
கு-14க்கு நேரே
"வரவில்லை" என்று எழுதிவிட்டு
பேனாவைக் கொஞ்ச நேரம் மூடவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை
கோரிப்பாளையத்தில் பஸ் ஏறி, பாலம் தாண்டி
சிம்மக்கல்லில் இறங்கினேன், வேறு வேலையாக.
சைக்கிள் ஃபிரேம் ஒன்றைத் தராசில் ஏற்றி
கொண்டுவந்தவனை ஏசிக்கொண்டிருந்தாள்.
தலையில் முடி, ஒரு விரற்கடை,
ஆட்டுக்குட்டிச் சுருள்.
மாஸ்க் இல்லாத என்னை அவளுக்குத் தெரியவில்லை.

கையில் ஊசி இல்லை.
இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.
ஒரு தோசைக்கல்லை எடுத்துத் திருப்பினேன்.
துருவா இருக்கேம்மா.
"புளி போட்டுத் தேய். நூத்தம்பது."
நூற்றிருபதுக்குக் கேட்டேன்.
ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.