நான்காவது பெயர்

பெட்ரோல் ரசீதின் முதுகில்
ஒன்பது பெயர் எழுத வேண்டும்.
சாப்ட்பால். கையுறை ஆலைப் பெண்கள் அணி.
ரந்தாவ் திடலில் நேற்றைய மழை
இரண்டாம் பேஸைச் சுற்றி இன்னும் நிற்கிறது.

நான்காவது இடம் யோகவல்லிக்கு.
ஆறு வருஷமாக அப்படித்தான்.
செம்பனை லோரி ஓட்டுகிறவள். அவள் அடித்தால்
கோயில் கூரைத் தகரத்தில் கேட்கும்.

போன ஞாயிறு
கடைசி இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் பின்னால்,
மூன்றாமவள் அவுட்டானபோது
கோட்டுக்கு வெளியே
யோகவல்லி மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.
எல்லாரும் கை குலுக்கி முடித்த பிறகும்
சுழற்றிக்கொண்டிருந்தாள்.

இரவு கணக்குப் போட்டேன்.
மேலே ஏற்றினால்
சில நாள் கூடுதலாக ஒரு தடவை மட்டை பிடிப்பாள்.
பத்து ஆட்டத்துக்கு ஓர் ஓட்டம்,
மிஞ்சினால் ஒன்றரை.
இதற்கா இத்தனை பேச்சு வாங்குவது?
அம்மா மண்டோர். பெரட்டில்
நிரை மாற்றிக் கொடுத்த அன்று
அவளோடு யாரும் தேநீர் குடிக்கவில்லை.

இரண்டு, யோகவல்லி.
பேனா ரசீதைக் கிழித்துவிட்டது.
ஒன்பது, சியூ லிங்.
அடிக்கத் தெரியாது; அடிக்காமல் நிற்கத் தெரியும்.
நாலு கெட்ட பந்தை விட்டுவிட்டு
நடந்தே பேஸுக்குப் போவாள்.
ஒன்பதுக்கு அடுத்தது ஒன்று,
ஒன்றுக்கு அடுத்தது

"நாலு என்னோடது மிஸ்," என்றாள் யோகவல்லி.
முதல் தடவை, மூன்றே பந்து. அவுட்.
என்னைத் தாண்டித்தான்
தண்ணீர் குடிக்கப் போனாள்.

மூன்றாம் இன்னிங்ஸ்.
சியூ லிங் பெஞ்சுக்கடியில்
தலைக்கவசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.