ஓம்

தடைக்காலத்தில் படகுக்கு வேலையில்லை,
திருடனுக்கு உண்டு.
கோயில்வாடியில் கட்டிக் கிடந்த எங்கள் விசைப்படகில்
ஜிபிஎஸ் ஒன்று, பேட்டரி இரண்டு
ஒரே ராத்திரியில் காணோம்.
(மூன்று பேட்டரி என்று எழுதச் சொன்னது
என் வீட்டுக்காரர்.)

யார்மேல் சந்தேகம் என்றார் ஏட்டு.
யோசித்திருந்தால் பதினேழு பெயர் வந்திருக்கும்,
பதினேழும் சொந்தம்.
நான் யோசிக்கவில்லை.
கேம்ப் பையன் ஒருத்தன் ஐஸ் உடைக்க வருவான் சார்,
புதுசு, என்றேன்.

நிரோஜன். பேசாலைக்காரன்.
பால்மா கிடைக்காத மாசத்தில்
பெண்சாதி காதில் கிடந்ததை விற்று ஓட்டிக்குக் கொடுத்தவன்.
இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ
என்று இருட்டில் இறக்கிவிட்டார்களாம்.
விடிந்து பார்த்தால் மூன்றாம் மணல்திட்டு.
சுற்றிலும் கடல்,
கையில் பிள்ளை, அரைப் போத்தல் தண்ணி.
இதையெல்லாம் என் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
அவன்தான் சொன்னான், சிரித்துக்கொண்டு.

ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி.
அவனுக்குச் சுவரோரம்.
ராத்திரி ஜெட்டிப் பக்கம் உன்னைப் பார்த்திருக்காங்க.
ஓம்.
நீதான் எடுத்தேங்கறாங்க.
ஓம் ஐயா, ஆனால்
ஏட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.
ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா, என்றார் என்னிடம்.

ஆறு மாசமாய் நான் கேட்ட ஓம் அது.
கூலி நாளைக்குத்தான் என்றால் ஓம்.
இன்றைக்குக் காத்து பலம் என்றால் ஓம்.
சொல்லுங்கோ, கேட்கிறேன் என்பதற்கும்
அவர்கள் ஊரில் அதுதான் சொல்.
எனக்குத் தெரியும்.
அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.
மேசைமேல் டீ வைத்துவிட்டுப் போனார்கள்.
ஆடை படியும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள்.
கேம்பில் சாயங்காலக் கணக்கெடுப்பில்
அவன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம்
மகள் கை தூக்கினாளாம்.

பத்தாம் நாள்
உச்சிப்புளிப் பழைய இரும்புக் கடையில்
பேட்டரி அகப்பட்டது. இரண்டுதான்.
விற்றவன் மெர்வின். என் நாத்தனார் மகன்.
ஞானஸ்நானத்தில் நான் கையில் ஏந்திய பிள்ளை.
செருப்பு மாட்டாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.
சின்னப் பையன் சார். குடும்ப விஷயம்.
வாபஸ் வாங்கிக்கறோம்.
ஏட்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.
மறுபடி டீ.
இந்தத் தடவை குடித்தேன்.

நிரோஜன் வந்தான், நாலு நாள் கழித்து.
வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை,
ஐஸ் சுத்தியலை இடது கையில் எடுத்துப் பார்த்து
கீழே வைத்துவிட்டான்.
மூன்று நாள் கூலி நிற்குது என்றான்.
கொடுத்தேன். ஐநூறு கூடவே வைத்தேன்.
எண்ணினான்.
முன்பெல்லாம் எண்ண மாட்டான்.
ஐநூறைத் தனியே பிரித்து
ஐஸ் பெட்டியின் ஈர மூடிமேல் வைத்தான்.

மனசில வச்சுக்காதப்பா, என்றேன்.

ஆமாங்க, என்றான்,
எங்கள் ஊர்ப் பேச்சில்,
ஒரு பிசிறு இல்லாமல்.