பதினொரு மாதம்

பதினொரு மாத ஒப்பந்தம்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
ஆணி அடிக்கக் கூடாது, ஆடு வளர்க்கக் கூடாது,
மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டால்
கறை படக் கூடாது.
மரம் பற்றி ஒன்றுமில்லை.

பெருமாள்புரம், மூன்றாவது குறுக்குத் தெரு.
பிள்ளையாருக்கு வாங்கிய விளாம்பழத்தில்
மிஞ்சிய விதைகளைக் கழுவிப்
பால் கவரில் ஊன்றினேன்.
ஏழில் இரண்டு முளைத்தன.
ஒன்றை எதிர்வீட்டு ஆடு தின்றது.
மற்றதைத் துவைகல்லுக்குப் பின்னால் வைத்தேன்,
சோப்புத் தண்ணீர் எட்டாத தூரம் பார்த்து.

"இது காய்க்க எத்தன வருசமாகும் தெரியுமா?
வாடக வீட்டுல
புளியம்பழமும் ஓடும் மாதிரி இருக்கணும்"
என்றார் இவர்.
சரிதான் என்றேன்.
என்றுவிட்டு, சுற்றிக் கட்ட
பழைய கொசுவலையைத் தேடினேன்.

பத்திரம் புதுப்பிக்கும்போதெல்லாம்
மும்பையிலிருந்து தங்கபாண்டி அண்ணாச்சி கேட்பார்:
"சுவத்துல ஆணி கீணி அடிச்சியளா?"
இல்லண்ணாச்சி.
ஆணி இல்லை. முள்தான்.
மூன்றாம் பத்திரத்தில் என் இடுப்புக்கு வந்தது.
ஐந்தாம் பத்திரத்தில்
காக்கை எச்சம்போல் வேஷம் கட்டிய புழுக்கள்
கொழுந்தையெல்லாம் மொட்டையடித்தன.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
நான்கை மட்டும் விட்டுவைத்தேன்.
ஏன் நான்கு என்று எனக்கே தெரியாது.
ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்.
அரிசி களைந்தது, கீரை அலசியது
எல்லாம் துவைகல்லுக்குப் பின்னால் போயிற்று.

ஒன்பதோடு சரி. வாடகை ஏறிவிட்டது.
ஒப்படைக்கும் பட்டியலில்
மின்விசிறி மூன்று, குழாய் ஆறு, சாவி நான்கு.
'விளா' என்று எழுதப்போய்
அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
தியாகராஜ நகரில் மாடி வீடு.
மண் கிடையாது.

இரண்டு மழை கழிந்து ஒரு ராத்திரி போன்.
இப்போது அங்கே இருக்கும் ரெஜினா,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி நர்ஸ்,
கரண்ட் பில் அட்டையில் என் நம்பர் பார்த்தாளாம்.
"அக்கா, தகரத்துல டம்முன்னு என்னமோ விழுது.
யாரும் கல்ல எறியுதாவளோன்னு பயமா இருக்கு."

எடுத்து
முழங்கால் உயரத்துலருந்து கீழ போடுங்க.
துள்ளுச்சுன்னா காய்.

போனைத் துவைகல்மேல் வைத்தாள் போல.
செருப்புச் சத்தம். சருகு.
நான் சொல்லாமலே இவர் டிவியைக் குறைத்தார்.

பொத்.
ஒரே தடவை.

"கருப்பட்டி இருக்கா?"
"இருக்குக்கா. இத எப்படி உரிக்க?"
"உரிக்க முடியாதும்மா.
கரண்டி எடுத்துக்கோங்க, சுரண்டணும்.
ஓட்ட விட்டு லேசுல வராது அது."